சிறை மீண்டவரின் முகவரி

1955ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் ஜெனீவா நகரில் ஐக்கிய நாடுகள் சபையின் சார்பில் ஒரு மாநாடு கூடியது. குற்றத் தடுப்பையும் குற்றவாளிகளை நடத்தும் முறையையும் ஆராய்ந்த அம்மாநாடு, கைதிகள் தொடர்பாக எந்த நாடும் கைக்கொள்ள வேண்டிய குறைந்தபட்ச விதிகளை வகுத்தது. சிறையிலிருந்து ஒருவன் வெளியேறுவதோடு அவன்பால் சமுதாயத்துக்குள்ள கடமை தீர்ந்துவிடுவதில்லை என்பது அவ்விதிகளுள் ஒன்று. அக்கடமை யாது என்பதையும் மற்றொரு விதி விளக்கமாகவே கூறுகின்றது. விடுதலையாகும் கைதியிடம் உரிய பத்திரங்களும் அடையாளச் சான்றுகளும் இருத்தல் வேண்டும். அவனுக்குக் குடியிருக்க வீடும் செய்யத் தொழிலும் இருத்தல் வேண்டும். பருவத்துக்கேற்ற உடை வேண்டும். ஊர் போய்ச் சேரவும் முதற்சில நாட்களைக் கடத்தவும் கைப்பொருள் வேண்டும். அதே ஆண்டு டிசம்பரில் இலங்கை ஐ.நா. சபையில் அங்கத்துவம் பெற்றது. 2015இல் இவ்விதிகள் திருத்தப்பெற்று நெல்சன் மண்டேலாவின் பெயரைத் தாங்கின. இருபத்தேழு ஆண்டுகள் சிறையிலிருந்த ஒருவரின் பெயர் அவற்றுக்கு மிகப் பொருத்தமே.

பத்திரம், வீடு, தொழில், உடை, வழிச்செலவு என்னும் இவ்வைந்தையும் மனத்திற் கொண்டு ஊவாவின் தேயிலை மலைகளை நோக்குவோம். பின்னிரண்டும் எளியவை. உடுத்துச் சென்ற உடை சிறை வாயிலில் திரும்பக் கிடைக்கும். பதுளையிலிருந்து பண்டாரவளைக்கும், அங்கிருந்து பூனாகலைக்கும் பஸ் கட்டணத்தை எவரிடமேனும் கேட்டுப் பெறலாம். முன்னைய மூன்றுமே சிக்கலானவை. சிறை சென்றவன், செல்லாதவன் என்ற பேதமின்றித் தோட்டத் தொழிலாளி எவனுக்கும் இம்மூன்றும் நூறாண்டுக்கு மேலாகச் சொந்தமாக இருந்ததில்லை. ஆகவே, சிறை மீண்டோரின் மறுவாழ்வைப் பற்றி மலைநாட்டில் பேசப் புகுவோர், சிறையின் வரலாற்றை மட்டுமன்றித் தோட்டத்தின் வரலாற்றையும் சேர்த்தே பேசியாக வேண்டும்.

முதலில், தோட்டத்திலிருந்து சிறைக்குப் போனவர் யார்? 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சேவை ஒப்பந்தச் சட்டம் இதற்கு விடை கூறும். வேலைக்கு வராமை, குடிவெறி, கட்டளைக்குக் கீழ்ப்படியாமை, அனுமதியின்றி வேலையை விட்டு நீங்குதல் ஆகிய இவையே அச்சட்டம் கண்ட குற்றங்கள். இவற்றுக்குத் தண்டனை, சம்பளத்தை இழத்தலும் மூன்று மாதம் வரையிலான சிறையும் ஆகும். அச்சிறை கடூழியமாகவும் இருக்கலாம். கொழும்பு வர்த்தகர் இருவருக்கிடையே ஓர் ஒப்பந்தம் முறிந்தால் அது சிவில் வழக்கு. இராமநாதபுரத்திலிருந்தோ திருச்சியிலிருந்தோ கப்பலேறி வந்த ஒரு கூலியாள் ஒப்பந்தத்தை முறித்தால் அது குற்றவியல் வழக்கு. சட்டத்தின் முன் யாவரும் சமம் என்று முழங்கிய பிரித்தானிய ஆட்சியின் இலட்சணம் இதுவேயாம்.

அக்காலத்தில் சிறை மீண்டவன் எங்கே போவான் என்ற கேள்வியே எழவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அவனுக்காகத் தோட்டம் காத்திருந்தது. கோப்பி அழிந்து தேயிலை பரவிய நாட்களில் துரைமாருக்கு ஒவ்வொரு கையும் தேவைப்பட்டது. கங்காணியின் கடன் கணக்கிலும் அவன் பெயர் அழியாமலே இருந்தது. அவன் வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் 'துண்டு' வேண்டும். இன்ன தொகையைக் கொடுத்தால் இந்த ஆளை விடுவிக்கிறேன் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டே துண்டு. மனிதனை அவன் பட்ட கடனின் விலைக்குக் கைமாற்றும் முறை அது. சிறையிலிருந்து விடுபட்டவன் துண்டிலிருந்து விடுபடவில்லை. இதையும் 'சமுதாயத்தில் மீளச் சேர்த்தல்' என்று ஒருவர் சொல்லக்கூடுமானால், மலைநாட்டில் அது மிகத் திறமையாகவே நடந்தது எனலாம்!

இந்தத் தண்டனைப் பிரிவுகளை எதிர்த்து இடைவிடாது எழுதியும் பேசியும் வந்தவருள் முதன்மையானவர் சேர் பொன்னம்பலம் அருணாசலம். 1919இல் அவர் அமைத்த தொழிலாளர் நலன்புரிச் சங்கத்தின் முயற்சியும், இந்தியாவில் எழுந்த கண்டனமும் சேர்ந்து, 1921-22 காலப் பகுதியில் அப்பிரிவுகள் நீக்கப்பட்டன. துண்டு முறையும் 1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டத்தால் ஒழிந்தது. இது பெரிய வெற்றி என்பதில் ஐயமில்லை. எனினும், சிறைக்குப் பதிலாக வேறொரு கருவி தோட்ட நிர்வாகத்தின் கையில் வலுப்பெற்றது. அதுவே பற்றுச்சீட்டு. முன்னர் தப்பியோடியவனைப் பிடித்து வந்து அடைத்தார்கள். பின்னர் வேண்டாதவனைச் சீட்டுக் கிழித்து வெளியே தள்ளினார்கள். 1940இல் ஊவாவின் தோட்டங்களில் வேலைநிறுத்தங்கள் மூண்டபோது, சிறப்பாகப் பதுளைக்கு அருகே வெவஸ்ஸ தோட்டத்தில் தொழிலாளர் எழுந்து நின்றபோது, சங்கம் அமைத்தவர் எவரும் அஞ்ச வேண்டியிருந்தது இவ்விரண்டுக்குமே: ஒன்று பொலிஸ், மற்றொன்று பற்றுச்சீட்டு. பொலிசார் அடைத்தால் என்றேனும் ஒரு நாள் வெளியே வரலாம். பற்றுச்சீட்டுப் பெற்றவனுக்கு வேலையோடு வீடும் போயிற்று. ஏனெனில் லயத்துக் காம்பரா வேலைக்குத் தரப்பட்டதேயன்றி ஆளுக்குத் தரப்பட்டதன்று.

இனி அரசாங்கத்தின் முயற்சிகளுக்கு வருவோம். இலங்கைச் சிறைச்சாலைகள் கட்டளைச் சட்டம் 1877இல் பிறந்தது. சிறைகளைப் பார்வையிட்டு ஆலோசனை கூறும் குழுக்களுக்கு அச்சட்டம் இடமளித்தது. 1905இல் சிறைச்சாலைகள் பொலிசிலிருந்து பிரிந்து தனித் திணைக்களமாயின. இளங்குற்றவாளிகளுக்கான பயிற்சிப் பாடசாலைகளுக்கும், சிறுவர் நீதிமன்றங்களுக்கும் 1939இல் சட்டங்கள் வந்தன. 1944ஆம் ஆண்டின் 42ஆம் இலக்கச் சட்டம் நன்னடத்தைச் சேவையை நிறுவியது. 1956இல் நன்னடத்தைக்கும் சிறுவர் பராமரிப்புக்கும் தனித் திணைக்களம் ஏற்பட்டது. கண்டிக்கு அருகே பல்லேகலையில் மதிலில்லாத திறந்தவெளிச் சிறை 1951இல் தொடங்கிற்று. நமது மாவட்டத்திலேயே தல்தெனயில் இளங்குற்றவாளிகளுக்கான சீர்திருத்த நிலையம் உண்டு. 1999ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டம், சிறு குற்றங்களுக்குச் சிறைக்குப் பதிலாகச் சமுதாயப் பணியையும் ஆலோசனையையும் விதிக்க வழிசெய்தது. தாளில் எழுதிப் பார்த்தால் இது கௌரவமான பட்டியல்தான்.

இவற்றின் பின்னணியிலுள்ள சிந்தனை பிரித்தானியாவிலிருந்து வந்தது. அந்நாட்டின் 1907ஆம் ஆண்டுச் சட்டம் நன்னடத்தை அலுவலரின் கடமையை மூன்று வினைகளில் அடக்கியது: ஆலோசனை கூறுதல், துணை செய்தல், நட்புக் கொள்ளுதல். நல்ல வினைகள். இவற்றுள் மலையேறி நம் லயங்கள் வரை வந்து சேர்ந்தது முதலாவது மட்டுமே. "குடிக்காதே, கூடாதவரோடு சேராதே, ஒழுங்காக உழைத்துப் பிழை" என்னும் ஆலோசனைக்கு இங்கு என்றும் பஞ்சமில்லை. ஆனால் துணை செய்ய வேண்டுமானால் வேலை வேண்டும். வேலை துரையின் கையில். நட்புக் கொள்ள வேண்டுமானால் லயத்துக்கு வர வேண்டும். தோட்டமோ தனியார் நிலம். அரசாங்க உத்தியோகத்தரேயாயினும் முதலில் தோட்டக் கந்தோரின் வாசலில் நிற்க வேண்டியவரே. அங்கே பெயரைக் கேட்டு விசாரித்த மறுகணம், எவன் சிறைக்குப் போனான், எதற்காகப் போனான் என்ற செய்தி மலை முழுவதும் பரவிவிடும். இரகசியமாய் உதவ வந்தவரின் வருகையே பறையறைந்த கதையாய் முடியும்.

ஆலோசனைக் கரம் இவ்வாறு குறுகியிருக்க, கண்காணிக்கும் கரமோ நீண்டிருந்தது. 1926இல் இயற்றப்பட்ட குற்றத் தடுப்புக் கட்டளைச் சட்டம் தண்டனை பெற்றவரின் விரலடையாளத்தைப் பதிந்து வைத்தது. மறுபடியும் தண்டனை பெற்றவரைப் பொலிஸ் மேற்பார்வையில் வைக்கவும், அவர் தம் இருப்பிடத்தையும் இடமாற்றத்தையும் பொலிசாருக்கு அறிவிக்குமாறு பணிக்கவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் அளித்தது. விடுதலையானவனைக் கண்காணிக்கும் சட்டம் 1926இலேயே வந்துவிட்டது. அவனுக்குத் துணை நிற்பதற்கான நன்னடத்தைச் சட்டம் வரப் பதினெட்டு ஆண்டுகள் ஆயின. இந்த முன்பின் வரிசையே அரசின் மனப்பான்மையைக் காட்டிவிடுகிறது.

பத்திரத்தின் கதை தனி. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழ் மக்களை நாடற்றோராக்கியது. 1964 ஒக்டோபரில் கையெழுத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களைத் தலைக்கணக்கில் பங்கிட்டது. 1988இலும் 2003இலும் வந்த சட்டங்களே இறுதியில் எஞ்சியோருக்குக் குடியுரிமை வழங்கின. ஆட்பதிவுச் சட்டம் 1968இல் வந்து அடையாள அட்டை நாட்டில் வழக்கமான பின்னும், பிறப்புச் சான்றிதழ் இல்லாமையால் அட்டை பெறாத தலைமுறைகள் லயங்களில் வாழ்ந்தன. பிறந்தபோதே பத்திரம் இல்லாதவனுக்குச் சிறைவாயிலில் எந்தப் பத்திரத்தைத் திருப்பிக் கொடுப்பது?

முகவரியும் அவ்வாறே. லயத்துக் காம்பராவுக்குத் தபால் முகவரி இல்லை. தோட்டத்தின் பெயர், டிவிசனின் பெயர், ஆளின் பெயர், அவ்வளவே. கடிதங்கள் தோட்டக் கந்தோருக்கு வந்து, அங்கிருந்து கைமாறிக் கைமாறி உரியவரை அடைந்தால் உண்டு. பரீட்சை முடிவும், நேர்முகத் தேர்வு அழைப்பும் காலந்தாழ்ந்து வந்து நம் மாணவர்கள் வாய்ப்பிழந்த கதைகளை ஆசிரியர்களாகிய நாம் அறிவோம். சிறையிலிருந்து கணவன் எழுதும் கடிதமும் அதே கந்தோர் மேசையின் மீதுதான் வந்து கிடக்கும். உறையின் மீதுள்ள முத்திரையைக் கந்தோரில் எவரும் படிக்கலாம்.

நம் பகுதியிலிருந்து சிறைக்குச் செல்வோரைப் பார்த்தால், கொடுங்குற்றம் புரிந்தோர் அரிது. கசிப்புக் காய்ச்சியவர், மரம் வெட்டியவர், சம்பள நாள் குடியில் கைகலந்தவர் எனப் பெரும்பாலோர் சிறு குற்றத்தினரே. அண்மைக் காலத்தில் போதைப்பொருளும் சேர்ந்துகொண்டது. இலங்கைச் சிறைகளுக்கு ஆண்டுதோறும் வரும் தண்டனைக் கைதிகளுள் பெருந்தொகையினர் அபராதம் கட்ட இயலாமையால் வருவோர் என்பது சிறைத் திணைக்களத்தின் புள்ளிவிவரங்களே ஒப்பும் உண்மை. அதாவது, கையில் காசிருந்தால் அன்று மாலையே வீடு திரும்பியிருப்பார்கள். பண்டாரவளையில் கடை வைத்திருப்பவருக்கு அபராதம். அதே குற்றத்துக்குக் கொழுந்து பறிக்கும் குடும்பத்தானுக்குச் சிறை. 1865இன் சட்டம் போய்விட்டது. அதன் நிழல் போகவில்லை. வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்படுகிறது. கையொப்பமிடுபவனுக்குச் சிங்களம் படிக்கத் தெரியாது. தமிழும் அரசகரும மொழியென 1987இலேயே யாப்பு ஒப்புக்கொண்டது என்பதை அவனுக்கு எவரும் சொல்வதில்லை.

அவன் திரும்பி வரும்போது செக்ரோலில் பெயர் இராது. மனைவியின் பெயர் இருந்தால் காம்பரா தப்பும். இன்றேல் உறவினரின் காம்பராவில் ஒரு மூலை. தோட்டங்கள் 1972இலும் 1975இலும் அரசுடைமையாயின. 1992இல் முகாமைக்காகக் கம்பெனிகளிடம் போயின. உடைமை மாறியது, லயம் மாறவில்லை. 2015ஐ ஒட்டி ஏழு பேர்ச் நிலத்தில் தனிவீடு என்னும் திட்டம் வந்தது வரவேற்கத்தக்கதே. ஆனால் அந்த வீடு எட்டாத வரிசைகளில் இன்றும் சிறை மீண்டவனின் குடியிருப்பு, நிர்வாகம் கண்டும் காணாமல் இருப்பதில் தங்கியிருக்கிறது. எனவே அவன் கொழும்புக் கடைகளையும் கட்டட வேலைகளையும் நாடிப் போகிறான். அங்கே அடையாள அட்டையையும் கிராம உத்தியோகத்தரின் நற்சான்றையும் கேட்கிறார்கள். கிராம உத்தியோகத்தர் அவனை எப்படி அறிவார்? தோட்டத்துக் கந்தோர் சொல்லித்தான்.

ஆசிரியர்களாகிய நமக்கு இவ்விடத்தில் அந்தோன் மக்கரெங்கோவின் நினைவு வராமற் போகாது. 1920இல் உக்ரேனின் பொல்தாவாவுக்கு அருகே, திருடியும் கொள்ளையிட்டும் திரிந்த சிறுவர்களுக்கென அவர் ஒரு குடியிருப்பை அமைத்தார். கார்க்கியின் பெயரை அதற்குச் சூட்டினார். அங்கு வந்த சிறுவர்களின் பழைய குற்றக் கோவைகளைக் கிளறுவதில்லை என்பது அவர் கொண்ட நெறி. கரபானவ் என்ற இளைஞனிடம், அவன் சிறையிலிருந்து வந்தவன் என்பதை அறிந்தே, ஐந்நூறு ரூபிள் பணத்தை வாங்கி வர அனுப்பிய நிகழ்ச்சியை 'கல்வியியல் காவியம்' படித்தோர் மறந்திருக்கமாட்டார்கள். அப்பாத்திரத்துக்கு மூலமான செம்யோன் கலபாலின் பின்னாளில் தாமே அநாதைச் சிறுவர் இல்லங்களை நடத்தும் ஆசிரியரானார். அதே சோவியத் அரசு பின்னர் இலட்சக்கணக்கானோரைக் கட்டாய உழைப்பு முகாம்களில் அடைத்ததையும் நாம் மறைக்க வேண்டியதில்லை; அதனால் பொல்தாவாவில் நடந்தது பொய்யாகிவிடாது. மக்கரெங்கோ அறிவுரை கூறியதோடு நிற்கவில்லை. நிலமும் பட்டறையும் கூட்டாட்சியும் அச்சிறுவர்கள் கையில் இருந்தன. அவர்கள் திரும்பிச் செல்ல ஓர் இடத்தை அவர் முதலில் உண்டாக்கினார்.

நம் மண்ணில் இதற்கு நேர்மாறாக நடந்ததை இனிச் சொல்லியாக வேண்டும். பண்டாரவளையிலிருந்து பதுளைக்குச் செல்லும் பாதையில், நகரை விட்டுச் சற்றுத் தூரத்தில், பிந்துனுவெவ இருக்கின்றது. பூனாகலையிலிருந்து பதுளைக்குப் பயணம் செய்யும் எவரும் அதைக் கடந்தே போக வேண்டும். அங்கே அரசாங்கத்தின் புனர்வாழ்வு முகாம் ஒன்று இருந்தது. போராளி இயக்கத்தைச் சேர்ந்தவர்கள் என்ற சந்தேகத்தில் பிடிபட்டவர்களும், தாமாகச் சரணடைந்தவர்களுமான தமிழ் இளைஞர்கள் அங்கு வைக்கப்பட்டிருந்தனர். சிலர் பள்ளிப் பருவத்தைத் தாண்டாதவர்கள். நீதிமன்றத் தீர்ப்புப் பெற்ற குற்றவாளிகள் அல்லர். அவசரகால விதிகளின் கீழ் தடுத்து வைக்கப்பட்டோர். காவல் குறைந்த, திறந்த முகாம் அது. தொழிற்பயிற்சி தந்து அவர்களைச் சமுதாயத்துக்குத் திருப்பி அனுப்புவதே அதன் நோக்கம்.

விடுதலை தள்ளிக்கொண்டே போவதைக் குறித்து அவர்கள் முறையிட்டு வந்தனர். 2000ஆம் ஆண்டு ஒக்டோபர் 24ஆம் தேதி முகாமில் இதுபற்றி அமளி எழுந்தது. அன்றிரவே முகாமுக்கு எதிரான சுவரொட்டிகள் சுற்றுவட்டாரத்தில் தோன்றின. மறுநாட் காலையில் பெருங்கூட்டம் கத்தியும் தடியுமாய் முகாமுக்குள் புகுந்தது. அங்கிருந்த 41 பேரில் 27 பேர் வெட்டியும் அடித்தும் எரித்தும் கொல்லப்பட்டனர், ஏனையோர் காயமுற்றனர். சுமார் 60 பொலிசார் ஆயுதங்களோடு அவ்விடத்தில் நின்றிருந்தனர். கூட்டத்தைத் தடுக்க அவர்கள் முன்வரவில்லை. தப்ப முயன்ற கைதிகளை நோக்கியே துப்பாக்கி வெடித்தது என்பது விசாரணைகளில் வெளிவந்த செய்தி. அந்த வாரத்தில் மலையகமெங்கும் எதிர்ப்பெழுந்தது. தலவாக்கலை முதலிய இடங்களில் மோதல்கள் நிகழ்ந்தன. எதிர்ப்புத் தெரிவித்த மலையக இளைஞர் பலர் மீண்டும் தடுப்புக் காவலுக்குள் போயினர்.

நீதியரசர் பி.எச்.கே. குலதிலக்க தலைமையில் 2001இல் ஜனாதிபதி ஆணைக்குழு அமைந்து விசாரித்தது; அதன் அறிக்கையை அரசாங்கம் மக்கள் முன் வைக்கவில்லை. 41 பேர் மீது வழக்குத் தொடரப்பட்டது. 2003 ஜூலையில் பொலிஸ் அதிகாரிகள் உட்பட ஐவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. 2005 மே மாதத்தில் உயர் நீதிமன்றம் மேன்முறையீட்டில் எஞ்சியிருந்தோரையும் விடுவித்தது. இருபத்தேழு உயிர்களுக்குப் பொறுப்பாளியென எவரும் இல்லை என்பதே முடிவாயிற்று.

இக்கொடுமையை இனவெறியின் வேலை என்று சொல்லி முடித்துவிடுவது எளிது. இனவெறி இருந்தது, அதைத் தூண்டியவரும் இருந்தனர். ஆயினும் பிந்துனுவெவச் சிங்களக் கிராமத்தவர்களிடம், "இந்தப் பிள்ளைகள் யார், ஏன் இங்கிருக்கிறார்கள், நாளை எங்கே போகப் போகிறார்கள்" என்று அரசாங்கம் என்றேனும் அமர்ந்து பேசியதுண்டா? தடுக்கப்பட்டவரைத் திருத்துவதற்கு ஆசிரியர்கள் இருந்தனர். அவரை ஏற்றுக்கொள்ள வேண்டிய சமுதாயத்தைத் தயார்செய்ய ஒருவரும் இல்லை. போர்க்காலத்தில் கிராமத்து ஏழைச் சிங்களவனின் மகன் இராணுவத்தில் செத்துக்கொண்டிருந்தான். அவனுடைய துயரத்தோடு பேசியவர்கள் சுவரொட்டி ஒட்டியவர்கள் மட்டுமே. நமது அரசாங்கங்களின் புனர்வாழ்வுத் திட்டங்கள் யாவற்றிலும் காணப்படும் குறை இதுதான். அவை ஆளைத் திருத்தப் புறப்படுகின்றன; அவன் போய்ச் சேரும் இடத்தைத் திரும்பியும் பார்ப்பதில்லை.

2009இல் போர் முடிந்தபின் ஏறத்தாழ 12,000 பேர் புனர்வாழ்வு முகாம்களின் வழியே அனுப்பப்பட்டனர். தையலும் தச்சும் கணினியும் கற்பித்துச் சான்றிதழ் வழங்கினார்கள். ஊர் திரும்பியவரின் வீட்டு வாசலுக்குச் சான்றிதழைக் கண்டு வேலை கொடுப்பவர் வரவில்லை, புலனாய்வாளர் வந்தனர். 1926இன் சட்டத்தை நினைவுகூர்க. 2022இல் வந்த புனர்வாழ்வுப் பணியகச் சட்டமூலம், யாரை வேண்டுமாயினும் அள்ளிக்கொள்ளும் அளவுக்கு விரிந்த வலையாக இருந்தது. அது அரசியல் யாப்புக்கு முரணானதென உயர் நீதிமன்றம் சுட்டிக்காட்டிய பின்னரே, போதைப்பொருளுக்கு அடிமையானோருக்கென்று சுருக்கப்பட்டு 2023 ஜனவரியில் சட்டமாயிற்று. கந்தக்காடு முகாமில் 2022இல் நடந்த கலவரங்களையும் தப்பியோட்டங்களையும் அறிந்தவர்க்கு, முள்வேலிக்குள் நடக்கும் புனர்வாழ்வின் தன்மையை விளக்க வேண்டியதில்லை.

அவ்வாறாயின் மலையகத்தில் என்ன செய்யலாம்? பெரிய திட்டங்கள் தேவையில்லை. சிறு குற்றத்துக்காகச் சில மாதங்கள் சிறை சென்றவரின் பெயரைச் செக்ரோலிலிருந்து வெட்டாமல், விடுமுறையாகக் கொண்டு காத்துவைக்கத் தோட்ட நிர்வாகங்களைக் கட்டாயப்படுத்தலாம். சம்பளத்துக்காகப் போராடும் தொழிற்சங்கங்கள் இதையும் தம் கோரிக்கைகளில் சேர்க்கலாம். மாதச் சந்தா செலுத்தியவன் சிறைக்குப் போன மறுநாளே சங்கத்துக்கு அந்நியனாவது எவ்வகை நியாயம்? அபராதத்தைத் தவணையாகக் கட்ட அனுமதி கோருமாறு நீதிமன்ற வாயிலிலேயே தமிழில் எடுத்துச்சொல்ல ஓர் ஆள் வேண்டும். விடுதலைக்கு ஒரு மாதம் முன்பே சிறையிலிருந்து அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கும் ஏற்பாடு வேண்டும். லயத்துக் காம்பராக்களுக்கு இலக்கமிட்டு அவற்றைத் தபால் முகவரியாக ஏற்க வேண்டும். 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் சமுதாயப் பணி விதிக்கப்படும் தொழிலாளிக்கு அன்றைய பேர் போகாதபடி அப்பணி ஞாயிற்றுக்கிழமையில் அமைய வேண்டும்.

பாடசாலைகளுக்கும் இதில் பங்குண்டு. புதிய மாணவனைச் சேர்க்கும் படிவத்தில் தந்தையின் தொழில் என்று ஒரு கட்டம் இருக்கிறது. சிறையிலுள்ளவனின் பிள்ளையை அழைத்துவரும் பாட்டி அந்தக் கட்டத்தின் முன் வாயடைத்து நிற்பதை நம்மிற் பலர் பார்த்திருக்கிறோம். சிலர் 'கொழும்பில் வேலை' என்று எழுதிக்கொள்கிறார்கள். சிலர் எல்லார் முன்னிலையிலும் உரத்துக் கேட்கிறார்கள். அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டு, பிள்ளையைக் கையைப் பிடித்து வகுப்புக்கு அழைத்துச் செல்ல எந்தச் சுற்றறிக்கையும் தேவையில்லை.